சிறுநீர் சிவந்தால் மந்திரிக்கப் போகாதீர்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சீமைக் கருவேலம் வெட்டுவதும், கரிமூட்டம் போடுவதும், அடுத்தவர் காட்டில் களையெடுப்பதும் நிலமில்லாத நம் மக்களின் பிழைப்பு. வெறுங்காலோடு புதருக்குள் நுழைகிறோம். விளக்கில்லாத பாதையில் குடியிருப்புக்குத் திரும்புகிறோம். கண்ணாடி விரியன் கிடப்பதும் அங்கேதான்.

விரியன் விஷம் கடிவாயோடு நிற்பதில்லை. ரத்தம் உறைவதைக் கெடுக்கிறது. சிலருக்குச் சிவப்பணுக்களையும் உடைக்கிறது. அணுவுக்குள் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் வெளியே கொட்டுகிறது. அளவு மீறினால் அது சிறுநீரகத்தில் இறங்கி, நுண்குழாய்களை அடைத்துப் பழுதாக்குகிறது. சிறுநீர் சிவந்து, கடுங்காப்பி நிறமாகிறது, வருவதும் குறைகிறது. உடைந்த அணுக்களின் கழிவான மஞ்சள் நிறமி, கல்லீரலால் வெளியேற்ற முடியாத அளவு சேர்ந்தால் கண் மஞ்சளாகிறது.

இதைச் சூடு என்றும் காமாலை என்றும் நினைத்துவிடுகிறோம். மந்திரிப்பது, கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது என்று நேரம் போகிறது. விஷமுறிவு மருந்து விஷத்தைத்தான் முறிக்கும். பழுதான சிறுநீரகத்தைச் சரிசெய்யாது. சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும். ஆகவே நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போவோம். அங்கே கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவோரும் ஒடுக்கப்பட்ட மக்களே. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த வேலையைச் செய்கிறது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தவர். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஒவ்வொரு கடியும் இனி அரசின் கணக்கில் ஏற வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் 'பாம்புக்கடி' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவோம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாணவர்கள் படித்துச் சொல்லுங்கள்.

வேலைக்கு அழைப்பவர் காலுக்குப் பூட்ஸும் கைக்கு டார்ச்சும் தரட்டும். ஊராட்சி நம் தெருவுக்கும் விளக்குப் போடட்டும். இது சலுகை அல்ல, உழைக்கும் உடலுக்கான உரிமை.