நடுத்தரக் கம்பனியும் கணினிக் கணக்கும்

வணிக உலகில் இன்று பெரிதும் அடிபடும் பெயர்களுள் ஈ.ஆர்.பி. என்பதும் ஒன்று. ஒரு நிறுவனத்தின் வளங்கள் யாவற்றையும் ஒருங்கே திட்டமிடும் முறை என அதற்குப் பொருள் கூறலாம். 1990ஆம் ஆண்டளவில் கார்ட்னர் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் இட்ட பெயர் அது. பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. கொள்வனவு, களஞ்சியம், விற்பனை, சம்பளம், பேரேடு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏடு வைப்பதை விடுத்து, அனைத்தையும் ஒரே தரவுத் தொகுதியில் வைத்து நடத்தும் கணினி மென்பொருளே அது.

இதனைக் கணக்கெழுதும் கருவி என்று மட்டுமே எண்ணுவோர் பலர். சாதாரண கணக்கு மென்பொருளில், விலைப்பட்டியல் கைக்கு வந்து எழுதுவினைஞர் அதைப் பதிந்த பின்னரே பேரேடு அசையும். ஈ.ஆர்.பி. முறையிலோ, பத்து மூடை சீனி வந்து சேர்ந்தது எனக் களஞ்சியக் காப்பாளர் பதிந்த கணத்திலேயே இருப்புக் கணக்கு உயர்கிறது. விலைப்பட்டியல் இன்னும் வாராமையால், அதற்கெதிரான தொகை ஓர் இடைக்கணக்கில் ஏறி நிற்கிறது. கணக்காளர் தம் மேசையில் ஒன்றும் செய்யாதிருக்கவே ஐந்தொகை மாறிவிடுகிறது. பத்து மூடை நூறு எனப் பதியப்படுமாயின் அப்பிழையும் அவ்வாறே பேரேட்டுக்குள் புகுந்துவிடும். ஆகவே, இம்முறையைத் தேரும் கூட்டத்தில் பணிப்பாளரும் கணக்காளரும் மட்டும் அமர்ந்திருப்பது போதாது. களஞ்சியக் காப்பாளருக்கும் அங்கே ஒரு கதிரை வேண்டும்.

நம் நாட்டுக் கொள்கைச் சட்டகம், உற்பத்தித் துறையில் 51 முதல் 300 வரை ஊழியரைக் கொண்ட முயற்சியை நடுத்தரமெனக் கொள்கிறது. அத்தகைய கம்பனியில் ஒரு கணக்காளரும் எழுதுவினைஞர் சிலரும் இருப்பர். கணினிக்கெனத் தனிப் பிரிவு இருப்பது அரிது. தவறு நேர்ந்தால் தாங்குவதற்கு மிகுந்த பணமுமில்லை. இவர்கள் முதலிற் செய்யவேண்டியது, விற்பனையாளரை அழைப்பதற்கு முன், தம் கணக்கைத் தாமே கேள்வி கேட்பது.

அக்கேள்விகளுள் தலையாயது இருப்பை எவ்வாறு மதிப்பிடுகிறோம் என்பது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி மிதக்கவிடப்பட்டபோது, ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர் இரண்டு மாதங்களுள் 350ஐத் தாண்டியது. பத்து டொலர் விலையுள்ள உதிரிப்பாகம் நூறு, முன்னர் 2,000 ரூபா வீதம் வந்தன என்றும், பின்னர் நூறு 3,500 ரூபா வீதம் வந்தன என்றும் கொள்வோம். அவற்றுள் நூறு, 4,000 ரூபா வீதம் விலைபோயின. முதல் வந்தது முதற் செல்லும் என்னும் முறையில் இலாபம் 200,000 ரூபா. நிறையளித்த சராசரி முறையில் 125,000 ரூபா. விற்றது ஒன்றே, வாங்கியது ஒன்றே. இலாபத்தில் மட்டும் 75,000 ரூபா வேறுபாடு. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இவ்விரு முறைகளையும் அனுமதிக்கிறது. ஆனால், கம்பனி எதனைக் கைக்கொள்கிறது என்பதை அறியாமல் மென்பொருளை நிறுவினால், மென்பொருளே அதைத் தீர்மானித்துவிடும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. ஜேர்மனியின் பெரிய சில்லறை வணிக நிறுவனமாகிய லிடில், 2011இல் எஸ்.ஏ.பி. மென்பொருளை ஏற்கத் தொடங்கியது. லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடுவது வழக்கம். அம்மென்பொருளோ விற்கும் விலையில் மதிப்பிடுவதை வழமையாகக் கொண்டிருந்தது. லிடில் தன் வழக்கத்தை விட இசையவில்லை. மென்பொருளைத் திருத்தப் புகுந்தனர். ஒரு திருத்தம் இன்னொரு திருத்தத்தை வேண்டிற்று. 2018இல், ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவான பின்னர், முயற்சி கைவிடப்பட்டதென ஜேர்மன் பத்திரிகைகள் எழுதின. லிடிலின் வழக்கம் பிழையானதன்று. ஏழாம் ஆண்டில் கிடைத்த விடையை முதல் மாதத்திலேயே தேடியிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

சட்டமோ தொழிலின் இயல்போ வேண்டும் வழக்கங்களை விடக்கூடாது. முன்னர் யாரோ ஒருவர் தொடங்கியதால் மூன்று பிரதி எழுதிவரும் வழக்கத்தை விடலாம். அதற்காக மென்பொருளைத் திருத்தப் பணம் கொடுப்பது வீண்.

வரி பற்றியும் சொல்லவேண்டும். நம் நாட்டுப் பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் நூற்றுக்கு 8 ஆகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, அதே செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என உயர்ந்தது. புதிய வீதத்தை, அது நடைமுறைக்கு வரும் திகதியுடன், கணக்காளர் தாமே பதிய இயலுமா? அல்லது ஒவ்வொரு முறையும் வழங்குநரைக் கட்டணம் கொடுத்து அழைக்கவேண்டுமா? 2022 ஓகஸ்டில் விற்ற பொருள் செப்டெம்பரில் திரும்பிவந்தால், 12 வீதத்திலேயே அது கழிக்கப்படுகிறதா? இவற்றைச் செய்துகாட்டும்படி கேட்கவேண்டும்.

செய்துகாட்டும் வைபவம் பற்றியும் ஓர் எச்சரிக்கை. வழங்குநர் கொண்டுவரும் மாதிரிக் கம்பனியில் கட்டளையிட்ட சரக்கு முழுமையாக வந்துவிடும், காசோலை திரும்பாது, வாடிக்கையாளர் யாவரும் உரிய நாளிற் பணம் செலுத்துவர். அத்தகைய கம்பனியை நான் இன்னும் கண்டதில்லை. நம் கோவையிலிருந்து இருபது பத்திரங்களை, பாதி வந்த சரக்கு, திரும்பிய காசோலை, முற்பணம், உடைந்துபோன பொருள் என்றவாறு கோணலானவற்றையே பொறுக்கியெடுத்து, அவற்றை நம் கண்முன் பதியச் சொல்லவேண்டும். ஒப்பந்தத்தில், தரவுகள் கம்பனிக்கே உரியன என்பதும், பிரியும் நாளில் அவற்றை எளிய கோப்புகளாகப் பெறலாம் என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும். ஆண்டுக் கட்டணம் டொலரிலா ரூபாவிலா என்பதை, 2022ஐக் கண்டவர்களுக்கு நான் நினைவூட்டவேண்டியதில்லை.

ஒடூ, ஈ.ஆர்.பி. நெக்ஸ்ட் போன்றவற்றின் திறந்த மூலப் பதிப்புகளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆயினும் அவற்றை நிறுவுபவருக்கும் பழக்குபவருக்கும் கூலி உண்டு.

தொடக்க இருப்பை ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதலாகாது, எண்ணிப் பதியவேண்டும். பாடசாலைப் பொருட் கணக்கெடுப்பில் ஈடுபட்டோர் இதை அறிவர்: பதிவேட்டில் நாற்பது கதிரை, மண்டபத்தில் முப்பத்தாறு. கணினிக்கு மாற்றினாலும் அந்த நான்கு கதிரைகள் வந்துவிடப்போவதில்லை.

எந்நாளில் தொடங்குவது? அமெரிக்கச் சொக்கலேற் நிறுவனமாகிய ஹேர்ஷி, 1999 ஜூலையில், இலையுதிர்காலப் பண்டிகைக் கட்டளைகள் குவியும் வேளையில், புதிய முறைக்கு மாறியது. களஞ்சியத்தில் இனிப்பு இருந்தும் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட கட்டளைகளை நிறைவேற்ற இயலாது போயிற்று. நம் கணக்காளர்கள் நிதியாண்டு பிறக்கும் ஏப்பிரல் முதலாந் திகதியை விரும்புவர். புடைவையோ பலகாரமோ விற்கும் கம்பனிக்கு அது சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்தின் உச்சம். ஆண்டின் நடுவே கணக்கைப் பெயர்ப்பது கணக்காளருக்குச் சற்றுக் கூடுதல் வேலைதான். எனினும் அத்தகைய கம்பனிக்கு ஜூலை முதலாந் திகதி ஏற்றது. ஜூன் முழுவதும் பழைய ஏடும் புதிய முறையும் அருகருகே ஓடட்டும். இரண்டின் பரீட்சை மீதியையும் கணக்காளர் ஒப்புநோக்கி, வேறுபடும் ஒவ்வொரு தொகைக்கும் காரணத்தை எழுதிக் கையொப்பமிட்ட பின்னர் பழைய ஏட்டை மூடலாம்.