ஒரே 350, இரண்டு பிக்கப்

“பெரியப்பா, ரெண்டும் 350 சிசிதானே? அப்புறம் ஏன் இது மட்டும் பறக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க?” மந்தைவெளி டீக்கடையில் தம்பி மகன் கேட்டான். எதிரே யாரோ ஆசையாக வைத்துக்கொண்டிருக்கும் ராஜ்தூத் 350 நின்றது. அவன் வந்தது புல்லட்டில். டீ வரட்டும், சொல்கிறேன் என்றேன்.

புல்லட் நம்ம ஊர்ப் பிள்ளை. 1955இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி, திருவொற்றியூரில் செய்தது. ராஜ்தூத் 350, ஜப்பானிய யமஹா ஆர்டி 350இன் இந்திய வடிவம். ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983இல் கொண்டுவந்தது. கணக்காகப் பார்த்தால் பழைய புல்லட் 346 சிசி, ராஜ்தூத் 347. ஒரே ஒரு சிசிதான் வித்தியாசம். ஆனால் பழைய புல்லட்டின் சக்தி 18 குதிரைத்திறன், முதலில் வந்த ராஜ்தூத்தின் சக்தி 30.5.

சிசி என்பது வாளியின் அளவு. மயிலாப்பூர்ப் பழைய வீட்டுக் கிணற்றில் இரண்டு பேர் ஒரே அளவு வாளியால் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள். தொட்டி யாருக்குச் சீக்கிரம் நிரம்பும் என்று வாளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிமிஷத்துக்கு எத்தனை வாளி என்று கேட்க வேண்டும்.

புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக், ஒற்றைச் சிலிண்டர். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு தடவை வெடிக்கும். அதன் 18 குதிரையும் வெளிவருவது 5,625 ஆர்பிஎம்மில். அப்போது விநாடிக்கு ஏறக்குறைய 47 வெடிப்பு. ராஜ்தூத் டூ ஸ்ட்ரோக், இரட்டைச் சிலிண்டர். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சிலிண்டரும் வெடிக்கும். 6,750 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 225. அங்கே தனித்தனியாகக் கேட்கும் ‘டுப் டுப்’ இங்கே ஒரே அலறலாகிவிடுவது அதனால்தான்.

“அப்ப புல்லட்டையும் இன்னும் முறுக்க வேண்டியதுதானே?” என்றான். நல்ல கேள்வி. புல்லட் பிஸ்டனின் விட்டம் 70 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போகிற தூரம் 90. ராஜ்தூத்தில் விட்டம் 64, தூரம் 54தான். புல்லட் 5,625இல் சுற்றும்போது அதன் பிஸ்டன் விநாடிக்குச் சராசரி 17 மீட்டர் ஓடுகிறது. ராஜ்தூத் 6,750இல் அலறும்போதுகூட அதன் பிஸ்டன் ஓடுவது 12 மீட்டர்தான். பார்க்க நிதானமாக இருப்பதுதான் உள்ளே மூச்சிரைக்கிறது! இன்னும் விரட்டினால் எஞ்சின் தாங்காது.

இப்போது ஒரு கூட்டல் வகுத்தல். வண்டி எடையோடு 70 கிலோ ஆள் ஒருவரையும் சேர்த்தால் புல்லட் சுமார் 230 கிலோ, ராஜ்தூத் சுமார் 220. புல்லட்டில் ஒரு குதிரை இழுக்க வேண்டியது 13 கிலோ, ராஜ்தூத்தில் ஏழு சொச்சம். பிக்கப் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். ராஜ்தூத் 60 கிலோமீட்டர் வேகத்தை நான்கு விநாடிக்குள் தொட்டது இப்படித்தான்.

அடங்காத மிச்சம்தான் எனக்குப் பிடித்த பகுதி. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் புகைக்குழாய் இல்லை. வெளியேறும் புகையின் அழுத்த அலை குழாயில் மோதித் திரும்பி வந்து, சிலிண்டரிலிருந்து நழுவப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை உள்ளே தள்ளும். அலை சரியான நேரத்துக்குத் திரும்புவது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லைக்குள்தான். அதற்குக் கீழே வண்டி சோம்பல். எல்லையைத் தொட்டதும் யாரோ முதுகில் உதைத்த மாதிரி கிளம்பும். அந்த எல்லையை விட்டு விலகாமல் இருக்கத்தான் ஆறு கியர். புல்லட்டுக்கு நான்கு போதும். கனமான ஃபிளைவீலும் நீண்ட ஸ்ட்ரோக்கும் அடி ஆர்பிஎம்மிலேயே இழுவை தரும். தி.நகர் உஸ்மான் ரோடு நெரிசலில் ராஜ்தூத்காரர் கிளட்சோடு மல்லுக்கட்டுவார், புல்லட்காரர் கியரை மாற்றக்கூட மாட்டார்.

டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பெட்ரோல் கலவை முழுதாக உள்ளே நிற்பதும் இல்லை. நிமிஷத்துக்கு ராஜ்தூத் இறைப்பது புல்லட்டைவிட 2.4 மடங்கு, கிடைக்கும் சக்தியோ 1.7 மடங்குதான். ததும்பிச் சிந்திய தண்ணீரில் ஒரு பங்கு எரியாத பெட்ரோலாகவே வெளியே போகிறது. மைலேஜ் கேட்கும் நாட்டில் இது செல்லுபடியாகுமா? ஜப்பானிய மூலத்தில் 39 ஆக இருந்த குதிரைகளை இங்கே 30.5 ஆக்கினார்கள், பிறகு 27க்கும் இறக்கினார்கள். அப்படியும் பத்தாண்டு தாங்கவில்லை. முன்சக்கர டிஸ்க் பிரேக்கையும் எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். எனக்கு இன்றும் கோபம் இதில்தான். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நேர்கோட்டில் சேர்த்த வேகத்தை வளைவுக்கு முன்னால் இறக்கத் தெரியாத வண்டி ஜெயிக்காது.

நான்கு சக்கரத்திலும் இதே வழக்கு உண்டு. 1980களின் பெரிய போட்டி போர்ஷே 959, ஃபெராரி எஃப்40. போர்ஷேவுக்கு 450 குதிரை, எடை 1,450 கிலோ. ஃபெராரிக்கு 478 குதிரை, எடையும் குறைவு. கணக்குப்படி ஃபெராரிதானே முந்த வேண்டும்? 100ஐ முதலில் தொட்டது போர்ஷே, 3.7 விநாடியில். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போனதால் அதன் டயர் தரையைக் கவ்வியது. ஃபெராரியின் பின்சக்கரங்கள் தொடக்கத்தில் வழுக்கித் திணறின. கடைசி வேகத்தில் ஃபெராரி 324, போர்ஷே 317. முதல் சில விநாடிகளைத் தீர்மானிப்பது டயரின் பிடி, நடுவில் எடைக்கு எத்தனை குதிரை என்பது, உச்சியில் காற்றின் எதிர்ப்பு. ‘ஜீரோ டு ஹண்ட்ரட்’ என்று ஒரே எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுபவர்கள் முதல் பகுதியை மட்டும்தான் பேசுகிறார்கள்.

“இப்ப அடையாறு சிக்னல்ல அலட்டிக்காம கிளம்புறது எது?” என்றான். ஐஐடி மெட்ராஸில் முளைத்து, ஓசூரில் தயாராகும் ஏத்தர் ஸ்கூட்டரைச் சொன்னேன். 450எக்ஸ் மாடல் 40ஐத் தொட 3.3 விநாடி. மின்மோட்டாருக்கு ஆர்பிஎம் ஏறும்வரை காத்திருக்கும் வேலை இல்லை. அசையாமல் நிற்கும்போதே முழு இழுவையும் கையில் இருக்கும். கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. நின்ற இடத்திலிருந்து அலட்டாமல் கிளம்புவதில் அதுதான் ராஜா. 90ஐத் தொட்டதும் அதன் வேகம் முடிந்துவிடும்; ராஜ்தூத்துக்கு அப்போதும் கியர் மிச்சமிருக்கும்.