உயரத்திலிருந்து விழுந்தவரைத் தூக்கும் முன்

2020 அக்டோபர் 4 அன்று கொச்சியில், தோப்பும்படி பாலத்தருகே கடற்படையின் பயிற்சிக் கிளைடர் ஒன்று விழுந்து, அதிலிருந்த இருவரும் உயிரிழந்தனர். தாமிரபரணிக் கரையில் கிளைடரைக் கண்டவர் அரிது. ஆயினும் அத்தகைய விபத்துகளில் உயிர் தப்புவோருக்கு நேரும் முதுகெலும்புக் காயத்தை நாங்கள் நன்கறிவோம். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து எங்களிடம் வருவோரிடம் காண்பதும் அதுவே.

கிளைடர் பெரும்பாலும் மேலெழும் காற்றை நம்பிப் பறப்பது. நல்ல கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும். காற்று கைவிட்டால், கண்ணில் படும் வயலொன்றில் இறக்கியாக வேண்டும். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிசான வயல்கள் மேலிருந்து நோக்கினால் பச்சைப் பாய் விரித்தாற்போலத் தோன்றும். வரப்பும் மின்கம்பியும் தாழ வந்த பின்னரே புலப்படும். விமானியின் இருக்கை கிளைடரின் அடிப்பாகத்தையொட்டி அமைந்திருப்பதால், வரப்பில் மோதிய அதிர்ச்சி இடுப்பின் வழியே நேராக முதுகெலும்பில் ஏறுகிறது.

மார்புக்கூட்டோடு பிணைந்து அதிகம் அசையாத மேல்முதுகும், வளைந்து கொடுக்கும் கீழ்முதுகும் கூடுமிடமே பெரும்பாலும் நொறுங்குகிறது. உடைந்த எலும்புத் துண்டு பின்னோக்கித் தள்ளப்பட்டுத் தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் செயலிழக்கக்கூடும்.

விழுந்தவரை அக்குளிலும் முழங்காலிலும் பற்றித் தூக்கி, ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுவருவதை இன்றும் காண்கிறோம். பதற்றத்திலும் அன்பிலும் செய்வதுதான். கடிந்துகொள்ள மனம் வருவதில்லை. எனினும் உடல் மடங்கும் அந்த ஒரு கணத்தில், அதுவரை தப்பியிருந்த தண்டுவடம் நசுங்கக்கூடும். ஆகவே அவரைக் கிடந்த நிலையிலேயே விட்டு 108-ஐ அழையுங்கள். தலையை ஒருவர் இருபுறமும் பிடித்து அசையாது காக்கட்டும். குடிக்க எதுவும் தரவேண்டாம். தீயோ, முகம் மூழ்கும் நீரோ அருகிருந்தால் நகர்த்தத்தான் வேண்டும். மூச்சு நின்றிருந்தால் முதுகெலும்பைவிட மூச்சே முதன்மை. திருப்ப நேர்ந்தால் நால்வர் சேர்ந்து, தலையும் தோளும் இடுப்பும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் ஒருசேரத் திருப்புங்கள்.

ஆம்புலன்சில் கிடத்திவரும் பலகையிலிருந்து நோயாளியை நாங்கள் விரைவில் இறக்கிவிடுவதைக் கண்டு உறவினர் சிலர் திகைப்பதுண்டு. கடினமான பலகையில் நெடுநேரம் கிடந்தால் படுக்கைப்புண் உண்டாகும் என்பதே காரணம்.

விழுந்தபின் எழுந்து நடந்துவிட்டார் என்பதால் முறிவில்லை என்றாகாது. குதிகால் எலும்பு உடைந்திருந்தால், முதுகில் வலியே இல்லையென்றாலும் அதையும் பரிசோதிக்கிறோம். இரண்டும் ஒரே வீழ்ச்சியில் முறிவது புதிதன்று. கால் மரத்துப்போதல், இருக்கைப் பகுதியில் உணர்ச்சி குறைதல், சிறுநீர் பிரியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் எனக் காத்திராமல், படுத்த நிலையிலேயே உடனே கொண்டுவாருங்கள்.