பாய்மரப் படகு குளிர்காலத்துல கரையேறுவது ஏன்?

பாய்மரப் படகுன்னு சொன்னதும் நீலக்கடல், காத்து, விரிச்ச பாய் இதெல்லாம்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா இங்கிலாந்து மாதிரி குளிர் நாடுகள்ல நிறைய சின்னப் படகுகள் வருஷத்துல நாலஞ்சு மாசம் தண்ணியிலயே இருக்காது. அக்டோபர் வாக்கில் கிரேன் வச்சுத் தூக்கி, கரையில முட்டுக் கொடுத்து நிறுத்திடுவாங்க. மறுபடி கடல்ல இறங்குறது மார்ச், ஏப்ரல்லதான்.

இதை லீவுன்னு நினைச்சுடாதீங்க. மிதக்கும்போது கண்ணுல படாத பாகங்களைப் பார்க்கக் கிடைக்கிற நல்ல வாய்ப்பு இது. எட்டு மீட்டர் நீள ஃபைபர் கிளாஸ் படகு ஒண்ணு, உள்ளே சின்ன டீசல் இன்ஜின், இப்படி வச்சுக்குவோம். என்னென்ன வேலை இருக்குன்னு பாருங்க.

இன்ஜின்

தண்ணி உறைஞ்சா கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். கூலிங் பாதையில மிச்சம் இருக்கிற தண்ணி பனிக்கட்டியானா, இரும்பு பிளாக்கையே பிளந்துடும். அதனால முதல்ல நல்ல தண்ணி விட்டு உப்பைக் கழுவி, அப்புறம் கிளைக்கால் கலந்த ஆன்டிஃப்ரீஸை உள்ளே ஓட விடுவாங்க.

ஆயிலை வசந்த காலத்துல மாத்திக்கலாம்னு தோணும். ஆனா இப்பவே மாத்துறதுதான் சரி. ஓடின ஆயில்ல அமிலமும் ஈரமும் இருக்கும். அது மாசக்கணக்கா பேரிங் மேல படிஞ்சு கிடந்தா அரிப்பு வரும்.

உலோகம்

செம்பு கலந்த புரொப்பெல்லரும் ஸ்டீல் ஷாஃப்ட்டும் கடல் தண்ணியில சேர்ந்து இருந்தா அது ஒரு பேட்டரி மாதிரிதான். பிளஸ் டூ எலக்ட்ரோகெமிஸ்ட்ரியை ஞாபகப்படுத்திக்கோங்க. ஜிங்க்கோட நியம மின்முனை அழுத்தம் −0.76 வோல்ட், காப்பருக்கு +0.34. அதனால ஒரு ஜிங்க் கட்டியை ஷாஃப்ட்ல மாட்டிடுவாங்க. அது தான் கரைஞ்சு மத்ததைக் காப்பாத்தும். பாதி கரைஞ்சிருந்தா புதுசு மாட்டணும். அது மேல மட்டும் பெயின்ட் அடிச்சுடக் கூடாது. அடிச்சா அது வேலையே செய்யாது.

இதைவிடக் கவனமா பார்க்க வேண்டியது படகோட அடியில இருக்கிற துளைகளை. இன்ஜினுக்குத் தண்ணி எடுக்க, சிங்க் தண்ணி வெளியே போக, ஒவ்வொண்ணுக்கும் ஒரு துளையும் வால்வும் இருக்கும். அது சாதாரண பித்தளையா இருந்தா, கடல் தண்ணி அதுல இருக்கிற ஜிங்க்கை மட்டும் மெல்ல உறிஞ்சிடும். வடிவம் அப்படியே இருக்கும், பலம் போயிருக்கும். சுரண்டிப் பார்த்தா மஞ்சளுக்குப் பதிலா இளஞ்சிவப்பு தெரியும். அதைக் கண்டா யோசிக்காம வெண்கலத்துல மாத்திடணும்.

ஏன் இவ்வளவு பயம்? கணக்குப் போடுங்க. 38 மி.மீ. துளை, நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே. டாரிசெல்லி சூத்திரப்படி தண்ணி உள்ளே வரும் வேகம் வினாடிக்கு 3.4 மீட்டர். டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட் 0.6னு வச்சாலும் நிமிஷத்துக்குச் சுமார் 140 லிட்டர். நம்ம ஹாஸ்டல் 20 லிட்டர் வாட்டர் கேன் ஏழை ஒரே நிமிஷத்துல உள்ளே கொட்டுற மாதிரி. கையால அடிக்கிற பம்ப் இதுக்கு ஈடு கொடுக்காது.

அடிப்பகுதி

படகு கவிழாம இருக்கக் காரணம் அடியில இருக்கிற கனமான கீல். அது சேருற இடத்துல விரிசல், துருக்கறை இருக்கான்னு பார்க்கணும். 2014 மே மாசம் 'சீக்கி ரஃபிகி'ங்கிற 12 மீட்டர் படகு அட்லாண்டிக்ல கீல் கழண்டு கவிழ்ந்தது. அதுல போன நாலு பேரும் திரும்பல. முன்னாடி அது தரைதட்டினதும், அதுக்குச் செஞ்ச ரிப்பேர்களும் சேர்ந்து கீல் பொருந்துற இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம்னு பிரிட்டனோட கடல் விபத்து விசாரணைப் பிரிவு சொல்லிச்சு.

கொட்டலசு, பாசி ஒட்டாம இருக்க காப்பர் கலந்த பெயின்ட் அடிப்பாங்க. முன்னாடி டிபிடிங்கிற டின் சேர்மம் இருந்துச்சு. அது சிப்பிகளையும் கடல் நத்தைகளையும் பாதிச்சதால 1987லயே பிரிட்டன் சின்னப் படகுகளுக்கு அதைத் தடை செஞ்சது. பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது தண்ணி விட்டுத்தான் தேய்க்கணும். அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம்.

மேலே

பாய்மரத்தைத் தாங்குற ஸ்டீல் கம்பிகள்ல ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியையே மாத்தணும். பாயை நல்ல தண்ணியில அலசி, நல்லா காயவச்சு, தையலைப் பார்க்கணும். வெயில்ல முதல்ல இத்துப்போறது நூல்தான். மரப் பாகங்களுக்கு எதிரி மழைத்தண்ணி. உப்புத்தண்ணியைவிட அதுலதான் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அதனால படகை மூடினாலும் காத்துப்போக வழி விடணும்.

மறுபடி தண்ணியில

ஏப்ரல்ல கிரேன் படகை இறக்கும்போது உடனே பட்டையைக் கழட்ட விடாதீங்க. படகு பட்டையில தொங்கிட்டு இருக்கும்போதே உள்ளே போய், ஒவ்வொரு வால்வையும் கையால தடவிப் பாருங்க. எல்லாம் காய்ஞ்சு இருந்தா கழட்டச் சொல்லலாம். ஒண்ணு ஈரமா இருந்தாலும் மேலே தூக்கச் சொல்லுங்க.