மகளுக்குக் கிரைண்டர், பேரனுக்கு மடிக்கணினி

சென்ற ஆண்டுக் கோடைக்குச் சற்று முன்பு, கோலார் தங்கவயலில் உள்ள எங்கள் கிளைக்கு ஓய்வுபெற்ற சுரங்கப் பணியாளர் ஒருவர் தம் துணைவியாருடன் வந்திருந்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மின்பணியாளராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது கைக்கு வந்த தொகையை வைப்பு நிதியில் போட்டு, வட்டியை மட்டுமே எடுத்துக் குடும்பம் நடத்தி வருபவர். அன்றுதான் முதன்முறையாக அசலில் கை வைக்க வந்திருந்தார். ஒரு லட்சம் ரூபாய் வைப்பை முதிர்வுக்கு முன்பே முறிக்க வேண்டும் என்றார்.

பணம் அவருடையது; காரணம் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் முறிப்பதால் வட்டி குறையும் என்பதைச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. சொன்னேன். “பரவாயில்லை சார், முதல் தடவையாக மகள் வீட்டுக்குப் போகிறோம். வெறுங்கையோடு போக முடியுமா?” என்றார் அம்மையார். மகள் இருப்பது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில். மகளுக்கு ஒரு மேசைக் கிரைண்டர், பேரனுக்கு ஒரு மடிக்கணினி, மருமகனுக்கு ஒரு பெரிய பவர் பேங்க். ராபர்ட்சன்பேட்டையில் கடையும் பார்த்து, விலையும் பேசி முடித்திருந்தார்கள்.

“அங்கே எத்தனை வோல்ட் ஐயா?” என்று கேட்டேன். பெரியவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் மோட்டார்களோடு புழங்கியவர் அவர்.

இந்தக் கேள்வி தங்கவயலுக்குப் புதிதன்று. 1902ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் இது. அன்று வந்த மின்சாரம் நொடிக்கு 25 சைக்கிள். இன்று நாடெங்கும் இருப்பது 50 சைக்கிள். ஒன்றுக்கென்று செய்த மோட்டாரை இன்னொன்றில் அப்படியே ஓட்ட முடியாது என்பது இவ்வூர்ப் பழைய மின்பணியாளர்களுக்குத் தெரிந்த பாடம். ஆயினும் அன்பளிப்பு என்று வந்துவிட்டால் இயந்திரத்தின் பெயர்ப்பலகையைப் படிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 சைக்கிள். பிரிட்டன், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் நம்முடையதை ஒத்த மின்சாரமே. பிளக் மட்டும் வேறு. ஆகவே துபாய்க்குக் கொண்டுசெல்லும் கிரைண்டர் பிளக்கை மாற்றினால் ஓடும். நியூ ஜெர்சிக்குக் கொண்டுசெல்லும் அதே கிரைண்டர் முனகுமே தவிர மாவு அரைக்காது. மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சேர்த்து வாங்கினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். மிக்சிக்கு அது ஓரளவு பொருந்தும். கிரைண்டரின் மோட்டார் வேறு வகை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே அன்றிச் சைக்கிளை மாற்றாது. கிரைண்டர் வேகமாகச் சுழலும், சூடேறும். கிரைண்டருக்குப் பெயர்போன கோயம்புத்தூர்த் தயாரிப்பாளர்கள் சிலர் அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மாதிரிகளைச் செய்கிறார்கள். வேண்டுமானால் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். உள்ளூர்க் கடையில் உடனே கிடைக்காது, சொல்லிவைக்க வேண்டும்.

மடிக்கணினிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சார்ஜரில் ‘100-240 வோல்ட், 50/60’ என்று பொறித்திருந்தால் உலகில் எங்கும் இயங்கும். அங்கே யோசிக்க வேண்டியது விலையும் உத்தரவாதமும். மடிக்கணினி, கைப்பேசி போன்றவை பல சமயங்களில் அமெரிக்காவில் இங்குள்ளதைவிட மலிவு. இங்கே வாங்கியதன் உத்தரவாதம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்; பழுதானால் பேரன் அதை எங்கே கொண்டுபோவான்? என் சொந்தக் கருத்தைச் சொல்வதானால், அந்தக் கணினியை இங்கே வாங்குவது வீண்.

பவர் பேங்க் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொன்னேன். லித்தியம் மின்கலம் அடங்கிய உதிரிப் பொருள் எதையும் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் ஒருவருக்கு இரண்டே. அதற்கு மேல் பயணியின் பையில் இடமே இல்லை. மில்லி ஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். 20,000 என்று போட்டிருப்பது 74 வாட்-மணி, எடுத்துச் செல்லலாம். பெரியவர் பார்த்து வைத்திருந்தது 50,000. கணக்குப் போட்டால் 185! தேவனஹள்ளி விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையிலேயே அது நின்றுபோயிருக்கும். இக்கட்டுப்பாடு வீண் கெடுபிடியன்று. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படவிருந்த விமானம் ஒன்று தீப்பற்றிய பின், பல விமான நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதையே தடுத்துவிட்டன.

அடுத்தது சுங்கம். நம் நாட்டிலிருந்து அன்பளிப்பை வெளியே கொண்டுசெல்வதில் சாதாரணக் குடும்பத்துக்குச் சிக்கல் இல்லை. சென்று இறங்கும் நாட்டில்தான் கணக்கு. அமெரிக்காவுக்குப் பார்வையாளராகச் செல்பவர் குறைந்தது 72 மணி நேரம் தங்குவதாயின் 100 டாலர் வரையிலான அன்பளிப்புகளுக்குத் தீர்வை இல்லை. இச்சலுகை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கணவன் மனைவி இருவரின் சலுகையையும் ஒன்றாகக் கூட்டி ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது. கனடாவில் ஓர் அன்பளிப்புக்கு 60 கனடிய டாலர், பிரிட்டனில் மொத்தம் 390 பவுண்டு, ஆஸ்திரேலியாவில் வயது வந்தவருக்கு 900 ஆஸ்திரேலிய டாலர் என்று நாட்டுக்கு நாடு வேறுபடும். புறப்படும் முன் அந்நாட்டுச் சுங்கத்துறையின் இணையதளத்தை ஒரு முறை பார்ப்பது நல்லது, வரம்புகள் மாறக்கூடியவை.

பெட்டியைக் கிழித்தெறிந்து, ரசீதை வீட்டில் விட்டுவிட்டு, ‘பழைய சாமான்’ என்று சொல்லச் சிலர் அறிவுரை தருவார்கள். அந்த அறிவுரையை வங்கிக்காரன் என்ற முறையில் நான் ஏற்கமாட்டேன். மதிப்பை உள்ளபடி அறிவித்தால் மிஞ்சிப்போனால் தீர்வை. மறைத்துப் பிடிபட்டால் அபராதமும், பொருள் பறிமுதலும். அழகான வண்ணத்தாள் சுற்றுவதையும் தவிர்க்கலாம். அதிகாரி பிரித்துத்தான் பார்ப்பார்.

அம்மையாருக்கு வேறொரு கவலை இருந்தது. தெருவில் பழகிய குடும்பம் ஒன்று, தங்கள் மகனிடம் சேர்க்கச் சொல்லி ஒட்டிய பார்சல் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்ததாம். ஒரே வரிசை வீடுகளில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் மறுப்பது எளிதன்று. ஆனால் உள்ளே இருப்பதைப் பாராமல் சுமப்பது, தொகை எழுதாத கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும். “உங்கள் பெட்டியை நீங்களே கட்டினீர்களா?” என்று விமான நிலையத்தில் கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பயணிதான். அவர்கள் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள், இல்லையேல் என்னைக் காரணம் காட்டி மறுத்துவிடுங்கள் என்றேன்.

பேரனுக்கான கணினிப் பணத்துக்கு வழி வங்கியிலேயே இருந்தது. இந்தியாவில் வசிப்பவர் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அன்பளிப்பும் அதில் அடங்கும். பான் எண் தேவை. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை மூலத்தில் வரி வசூல் இல்லை. சிறு தொகைக்கு அனுப்பும் கட்டணம் சற்று உறுத்தும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மகளுக்கு இந்தியாவில் என்.ஆர்.ஓ. கணக்கு இருந்தால், அதே வரம்புக்குள் ரூபாயிலேயே அன்பளிப்பைச் செலுத்திவிடலாம். அவளுக்கு அத்தகைய கணக்கு எங்கள் கிளையிலேயே இருந்தது, பெற்றோருக்கு நினைவில்லை.

வைப்பு முறியவில்லை. சேமிப்புக் கணக்கில் இருந்த தொகையில் ஒரு பகுதியை மகளின் கணக்குக்கு மாற்றிவிட்டு, 20,000 கொண்ட சிறிய பவர் பேங்க் ஒன்றையும், 110 வோல்ட் கிரைண்டர் ஒன்றையும் வாங்கினார்கள். கிரைண்டர் மட்டும் பத்துக் கிலோவுக்கு மேல். விமான நிறுவனம் ஒரு பெட்டிக்கு அனுமதித்ததோ 23 கிலோ. மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறும் முதல்நாள் மாலை பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். ரசீதைக் கடவுச்சீட்டோடு வைத்தாகிவிட்டதாம். பெட்டி 25 கிலோ காட்டுகிறதாம். “கல்லை எடுக்க முடியாது சார். புளியையும் மிளகாய்த்தூளையும் எடுக்கச் சொன்னால் அவள் எனக்குச் சோறு போடமாட்டாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று தொலைபேசியை அம்மையாரிடம் நீட்டினார். வங்கி விதிகளில் அதற்கு இடமில்லை என்று தப்பித்துக்கொண்டேன்.