ஹோமரை மூலமொழியிற் பயில்தல்: சொல்லும் சமுதாயமும்

ஹோமரின் பெயரால் வழங்கும் இலியட், ஒடிசி ஆகிய காவியங்களை நம்மிற் பெரும்பாலோர் ஆங்கில மொழிபெயர்ப்பு வாயிலாகவே அறிவோம். கதையை அறிவதற்கு அது போதுமானது. ஆயின், அவற்றைச் சமுதாய வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு முடிவு கூற முற்படும்போது மூலமொழிப் பயிற்சி இன்றியமையாததாகிறது. ஏனெனில், மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும் சொல் வேறுபாடுகளிலேதான் சமுதாய உறவுகளின் தடயங்கள் பல தங்கியுள்ளன.

'அரசன்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்புகளில் இவ்வொரு சொல் நிற்கும் இடங்களில் மூலத்தில் 'அனக்ஸ்', 'பசிலெயுஸ்' என இரு சொற்கள் வருகின்றன. இதாக்கா என்னும் சிறு தீவிலேயே பசிலெயுஸ் பலர் உளர் என்கிறது ஒடிசியின் முதலாம் காண்டம். இலியடின் ஒன்பதாம் காண்டத்தில் அகமெம்னோன், தான் அக்கிலீஸிலும் கூடிய பசிலெயுஸ் என்கிறான். அங்கு அச்சொல் ஒப்பீட்டு விகுதி ஏற்று நிற்கிறது. கூடுதல், குறைவு என அளக்கப்படும் பதவி முடியாட்சியாகாது; அது போட்டியிடும் தலைவர்களின் தகுதிநிலையேயாகும்.

1952இல் மைக்கேல் வென்ரிஸ் 'லீனியர் பி' எழுத்தை வாசித்தறிந்தமை இதற்கு விளக்கமளித்தது. மைசீனியக் களிமண் ஏடுகளில் 'வனக்ஸ்' அரண்மனையின் தலைவன்; பசிலெயுஸ் என்பதன் முன்வடிவமோ வெண்கலக் கம்மியரை மேற்பார்த்தவர் போன்ற சிறு தலைவரைக் குறித்தது. கி.மு. 1200 அளவில் அரண்மனைகள் வீழ்ந்தபின் சிறு தலைவனே எஞ்சினான். ஹோமரின் மொழியில் 'வனக்ஸ்' என்பதன் வகர ஒலி மறைந்து 'அனக்ஸ்' ஆயிற்று. ஆயினும் பல அடிகளில் அவ்வொலி இருந்ததாகக் கொண்டாலன்றி யாப்பு அமையாது. வேந்தரையும் வேளிரையும் வேறுபடுத்தியறிந்த சங்க இலக்கிய மாணவருக்கு இத்தகைய ஆய்வின் பயன் எளிதிற் புலனாகும்.

அடைமொழிகளும் அத்தகையனவே. முதலாம் காண்டத்தில் சினங்கொண்டு கப்பல்களருகே அமர்ந்திருக்கும் அக்கிலீஸும் 'விரைந்த காலினன்' எனவே கூறப்படுகிறான். இத்தகைய தொடர்கள் தனிக் கவிஞனின் தெரிவல்ல, யாப்பின் தேவைக்கேற்ப மரபு வழங்கிய வாய்பாடுகள் என்பதை மில்மன் பரி 1928இல் நிறுவினார். 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியப் பாடகரிடையே வாய்மொழிப் புனைவை நேரில் ஆராய்ந்தார். ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் பர்மிங்ஹாமில் ஆய்வு செய்த க. கைலாசபதி, 1968இல் வெளியான தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய தமது ஆங்கில நூலில் இவ்வாய்பாட்டுக் கோட்பாட்டைப் பயன்படுத்தினார்.

இவ்விடத்தில் முற்போக்கு விமர்சகராகிய நாம் நம்மையும் விமர்சிக்க வேண்டியுள்ளது. இலியடின் இரண்டாம் காண்டத்தில் அகமெம்னோனைச் சாடி அடிபடும் தெர்சிதேஸை மக்களின் குரலாகக் கொண்டாடுவது நம்மிடையே எளிதில் நிகழக்கூடியது. ஆனால், அவன் அடிபடும்போது படைவீரரே சிரிக்கின்றனர். மூலத்தை நோக்கின் இதனிலும் நுட்பமான செய்தியொன்று கிடைக்கிறது. தெர்சிதேஸ் தன் பேச்சை முடிக்கும் அடி, முதலாம் காண்டத்தில் அக்கிலீஸ் அதே அகமெம்னோனை நோக்கிக் கூறிய அடியேயாகும். சொல்லுக்குச் சொல் வேறுபாடில்லை. தலைவன் வாயில் அது நியாயமான சினம். தந்தை பெயரோ நாடோ கூறப்படாதவன் வாயில் அது தண்டனைக்குரிய குற்றம். மொழிபெயர்ப்பாளர் அவ்வடியை இரு இடங்களில் இருவிதமாகப் பெயர்த்துவிட்டால் இம்முரண்பாடு வாசகனுக்குத் தெரியாமலே போய்விடும்.

எனவே, மொழிப்பயிற்சியைப் பழமைவாதிகளின் பொழுதுபோக்கென ஒதுக்குதல் தவறு. இலக்கணத்தையும் யாப்பையும் பொறுமையுடன் கற்பதே இக்காவியங்கள் பற்றிய வரலாற்றுப் பொருள்முதல்வாத ஆய்வின் முதற்படியாகும்.