கடைசி விளக்கு ஏன் சிவந்தது?

நானாவின் கல்யாணத்துக்காக எங்கள் வளவின் நடைபாதையோரம் நிறம் மாறும் விளக்குகள் எட்டை நட்டோம். சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றாக எரியவிட்டபோது குறையொன்றும் தெரியவில்லை. வெள்ளைக்கு மாற்றியதும் உம்மாதான் முதலில் கவனித்தார். வாசலடி விளக்கு பால் வெள்ளை, கிணற்றடியில் இருந்த கடைசி விளக்கு ரோசாப்பூ நிறம். "லைட் பழுது, மாத்தித் தாறன்" என்றார் கடைக்காரர். மாற்றியும் தந்தார். புதியதும் அதே இடத்தில் சிவந்தது. அதையே கழற்றி வாசலடியில் பொருத்தினால் வெள்ளையாக எரிந்தது! கல்யாணம் முடிந்த கையோடு, கழித்துப் போட்ட பழைய விளக்கின் மூடியைத் திறந்தேன்.

உள்ளே இருந்தது கைக்கடங்கிய ஒரு மின்சுற்றுப்பலகை. அதன் மீது 5 மில்லிமீற்றர் சதுரமான எல்.ஈ.டி.கள். நமது விஞ்ஞானப் பாடநூல் இவற்றை ஒளிகாலும் இருவாயிகள் என்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறு இருவாயிகள் அடங்கியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளியைத் தரும் எல்.ஈ.டி.யை நிக் ஹொலன்யாக் 1962 இல் செய்துவிட்டார். பிரகாசமான நீலத்துக்கு 1990கள் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வராமல் இந்த வெள்ளையும் வந்திராது.

நிறத்தை மாற்றும் வேலை எளிது. ஒரு நுண்கட்டுப்படுத்தி ஒவ்வொரு நிறத்தையும் செக்கனுக்குப் பல நூறு தடவை ஏற்றி அணைக்கிறது. எரியும் நேரம் கூடினால் நிறம் தூக்கலாகத் தெரியும், குறைந்தால் மங்கும். கண்ணுக்கு இந்தத் துடிப்புப் புலப்படாது. ஒரு நிறத்துக்கு 256 படிகள் வைத்தால் மூன்றும் சேர்ந்து 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்ட கலவைகள். விளம்பரங்கள் பெருமையடிப்பது இதைத்தான். ஆனால் விளக்கு நன்றாக எரிவதும் கெடுவதும் பலகையிலுள்ள செம்பைப் பொறுத்தது.

கணக்கைப் பாருங்கள். சிவப்பு இருவாயிக்கு ஏறத்தாழ 2 வோல்ற்று போதும், நீலத்துக்கு 3.2 வேண்டும். எங்கள் விளக்குகளின் வழங்கி 12 வோல்ற்று. பலகையில் மும்மூன்று இருவாயிகளைத் தொடராக இணைத்திருந்தார்கள். மூன்று நீலம் 9.6 வோல்ற்றை எடுத்துக்கொண்டால் தடையிக்கு மிஞ்சுவது 2.4. மூன்று சிவப்பு 6 ஐ எடுத்தால் மிஞ்சுவது 6. இரண்டிலும் 20 மில்லியம்பியர் ஓட வேண்டுமானால் நீலத்துக்கு 120 ஓம், சிவப்புக்கு 300 ஓம் தடையி.

கடைசி விளக்கில் வெள்ளை எரியும்போது பல்மானியை வைத்துப் பார்த்தேன். 11 வோல்ற்றுதான் காட்டியது! வழியில் ஒரு வோல்ற்று தொலைந்திருக்கிறது. இப்போது நீலத்தின் தடையிக்கு மிஞ்சுவது 1.4 வோல்ற்று, மின்னோட்டம் 12 மில்லியம்பியருக்கும் கீழே. சிவப்பின் தடையிக்கோ 5 வோல்ற்று இருக்கிறது, மின்னோட்டம் 16 ஐத் தாண்டுகிறது. அதே ஒரு வோல்ற்றை இருவரும் இழந்தார்கள், ஆனால் கையிருப்புக் குறைந்த நீலத்துக்கே அடி பலமாக விழுந்தது. பச்சையும் நீலத்தின் கட்சிதான். வெள்ளையில் சிவப்பு மேலோங்கியதன் காரணம் இதுவே. தனி நிறமாக எரியவிட்டால் பொது வயரில் ஓடும் மின்னோட்டம் மூன்றிலொன்றாகும், இழப்பும் அவ்வாறே குறையும். அதனால்தான் முதலில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஒரு வோல்ற்று எங்கே போனது? பாதி வழக்கு வயர்மீது. மெல்லிய வயர், நீண்ட பாதை. மறுபாதி பலகைமீது. ஒவ்வொரு விளக்கின் பலகைக்குள்ளும் மின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கத்தால் அடுத்த விளக்குக்குப் போகிறது. எட்டு விளக்கின் மின்னும் முதற் பலகைக்கு வந்துதான் பிரியவேண்டும். சாதாரண பலகையில் செம்பின் தடிப்பு 35 மைக்ரோமீற்றர். அத்தடிப்பில் எந்த அளவுச் சதுரத்தை வெட்டினாலும் அதன் தடை ஏறத்தாழ அரை மில்லியோம். அரை மில்லிமீற்றர் அகலமும் 40 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட தடத்தில் 80 சதுரங்கள், 40 மில்லியோம். தடத்தை 4 மில்லிமீற்றராக அகட்டினால் பத்தே சதுரங்கள், 5 மில்லியோம். செலவு ஒரு சதமும் கூடாது. பலகையில் வெறுமனே கிடக்கும் இடத்தைச் செம்பால் நிரப்புவதுதான் வேலை. நான் திறந்த பலகையில் தடங்கள் நூல் போல் ஓடின, சுற்றிலும் வெற்றிடம்!

வழங்கியை 24 வோல்ற்றாக்கி ஆறாறாகத் தொடுத்தால் இன்னும் நல்லது. மின்னோட்டமும் வயரின் இழப்பும் பாதியாகின்றன, தடையியின் கையிருப்போ இரட்டிக்கிறது.

வெப்பத்தையும் மறக்கக்கூடாது. சிவப்பு வரிசைக்குச் செல்லும் மின்சக்தியில் பாதி தடையியிலேயே வெப்பமாகிறது. சூடு ஏறினால் மூன்று நிறங்களுள் அதிகம் மங்குவதும் சிவப்புத்தான். ஆகவே தடையிகளை எல்.ஈ.டி.களுக்கு அருகில் நெருக்கிவைக்காமல் ஓரங்களில் பரப்ப வேண்டும். பெரிய விளக்குகளுக்கு அலுமினியம் அடியிட்ட பலகையே பொருத்தம்.

மாரி மழை தொடங்கியதும் இரண்டு விளக்குகள் அணைந்தன. மேல்மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே தண்ணீர்! எரிந்து சூடான விளக்கின்மீது மழை விழுந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த இழுவையில் வயரின் செம்பு இழைகளுக்கிடையே தண்ணீர் ஊர்ந்து நுழைந்துவிடும். 12 வோல்ற்றின் நேர்முனைத் தடத்துக்கும் பக்கத்துத் தடத்துக்கும் நடுவே ஈரம் படிந்தால் அது மின்பகுப்புக் கலம்தான். நேர்முனைச் செம்பு கரைந்து பச்சைப் பொருக்காகப் படிந்திருந்தது. கடற்காற்றின் உப்பு அதை விரைவுபடுத்தும்.

எனது வரைவில் நேர்முனைத் தடத்தை மற்றவற்றிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளினேன், பொதுத் தடங்களை இடமுள்ளவரை அகட்டினேன். வயரை மேலாலன்றிக் கீழிருந்து ஏற்றி, நுழையும் இடத்தில் இழைகளைப் பற்றாசால் அடைத்தேன். பற்றாசு வைத்து முடிந்த பலகையை சிலிக்கன் பசைக்குள் புதைத்தேன். முதற்பலகையைக் கையால் அரித்தபோது பெரிக்குக் குளோரைட்டு விரலைக் கறையாக்கி, ஒரு வாரம் உம்மாவின் ஏச்சைக் கேட்க வைத்தது. கையுறை போடுங்கள், தோழியரே.

எட்டில் ஆறு பலகைகள் மாற்றியாகிவிட்டன. கடைசி விளக்கில் இப்போது 11.6 வோல்ற்று. மிச்ச இரண்டையும் அடுத்த மாரிக்கு முன் முடிக்க வேண்டும்.